தடைக்காலம் முடிந்ததும் பெல்ட் கத்துகிறது: புல்லியை மாற்றுவதா, லேத்தில் கடைவதா?

மண்டபம் பிக்கப் | ஜூன் 17, காலை 6.10

வணக்கம். வண்டி 2008 மாடல் பொலிரோ பிக்கப், டிஐ எஞ்சின். மண்டபத்திலிருந்து மதுரைக்கு மீன் லோடு அடிக்கிறேன். விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை. அந்த 61 நாளும் வண்டி கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் தார்ப்பாய் போட்டு நின்றது. நடுநடுவே ஸ்டார்ட் செய்து அணைத்ததோடு சரி.

இப்போது லோடு தொடங்கியாச்சு. விடியற்காலை சாவி திருப்பியதும் ஃபேன் பெல்ட் தெருவையே எழுப்புகிறது. ஐட்லிங்கில் ஹெட்லைட் மங்குகிறது. டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி லைட் அரைகுறையாக எரிந்து, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அணைகிறது. புது பெல்ட் போட்டேன். ராமநாதபுரம் போய்த் திரும்புவதற்குள் அதே சத்தம், பெல்ட் ஓரத்தில் கறுப்புத் தூள்.

மீட்டர் வைத்துப் பார்த்ததில் நிற்கும்போது 12.3 வோல்ட், ஐட்லிங்கில் 12.9, ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டால் 12.4க்கு இறங்குகிறது.

ஒரு கடையில் பேட்டரியை சார்ஜ் செய்கிற டைனமோவை முழுசாக மாற்றச் சொன்னார்கள். இன்னொருவர் பழைய இரும்புக் கடையில் அதன் புல்லி (பெல்ட் ஓடுகிற சக்கரம்) மட்டும் எடுத்துப் போடலாம் என்கிறார். மூன்றாவது ஆள் இருக்கிற புல்லியையே லேத்தில் கொடுத்துக் கடைந்துகொள் என்கிறார். எது சரி?

இன்னொன்று. காலையில் பிரேக் பெடல் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

பரமக்குடி பைபாஸ் | ஜூன் 17, காலை 8.25

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? டைனமோ போல்ட்டை லூஸ் செய்து, கடப்பாரையால் நெம்பி, பெல்ட்டை நன்றாக இழுத்துக் கட்டுங்கள். சத்தம் வந்தால் பார் சோப்பை உள்பக்கம் தேய்த்துவிடுங்கள். எங்கள் ஊர் லாரி ஷெட்டில் எல்லாரும் செய்வதுதான்.

கீழை டீசல் | ஜூன் 17, மதியம் 1.50

தம்பி, முதலில் பிரேக்கைப் பார். நீ கடைசியில் போகிற போக்கில் எழுதினாயே, அதுதான் இதில் முக்கியமான சங்கதி.

உன் வண்டியில் டைனமோவின் பின்பக்கம் ஒரு உருண்டை டப்பா ஒட்டியிருக்கும். மெல்லிய ஆயில் பைப் ஒன்று, தடித்த ஹோஸ் ஒன்று, பிரேக் பெடலை லேசாக்குகிற பூஸ்டருக்குப் போகிற ஹோஸ் ஒன்று அதில் வந்து சேரும். அதுதான் வேக்கம் பம்ப், காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்குவது. பெட்ரோல் வண்டியில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் எஞ்சினின் இன்டேக்கிலிருந்தே கிடைத்துவிடும். டீசலில் அது கிடைக்காது, தனிப் பம்ப் வேண்டும். இந்த மாதிரிப் பழைய டீசல்களில் அந்தப் பம்பை டைனமோ ஷாஃப்ட்டிலேயே மாட்டியிருக்கிறார்கள். பெல்ட் வழுக்கினால் சார்ஜ் மட்டும் குறையாது, பம்பும் சுணங்கும். பெல்ட் அறுந்தே போனால் கால் அழுத்தத்தை மட்டும் வைத்து ஒரு டன் மீனை நிறுத்த வேண்டும்.

சோதனை சுலபம். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து தடவை அழுத்து, கெட்டியாகிவிடும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை, அல்லது ரொம்ப மெதுவாக இறங்குகிறது என்றால் லோடு ஏற்றாதே.

அப்புறம் புல்லி. பெல்ட்டைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பள்ளத்தைப் பார். வி பெல்ட் பிடிப்பது இரண்டு பக்கச் சுவரில்தான், அடியில் அல்ல. பள்ளத்தின் அடி பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் பெல்ட் உள்ளே இறங்கி அடியைத் தொடுகிறது, புல்லி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். புது பெல்ட்டின் மேல்முகம் புல்லி விளிம்புக்குச் சமமாகவோ ஒரு நூல் மேலேயோ நிற்க வேண்டும். உள்ளே புதைந்து நின்றால் எத்தனை பெல்ட் போட்டாலும் கத்தும்.

பரமக்குடித் தம்பிக்கு: சோப்பு காயும் வரைதான் அமைதி. அதற்குமேல் அது மண்ணைப் பிடித்துவைத்துப் பெல்ட்டையே அரைக்கும். கடப்பாரை போட்டு இழுத்துக் கட்டினால் டைனமோ முன் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் சேர்ந்து போகும். கட்டை விரலால் நடுவில் நன்றாக அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கினால் போதும்.

மண்டபம் பிக்கப் | ஜூன் 17, இரவு 9.05

கீழை காக்கா (அண்ணே), பெடல் இறங்குகிறது, ஆனால் மெதுவாக. எஞ்சினை ரேஸ் செய்தால் சட்டென்று இறங்குகிறது. பெல்ட்டைக் கழற்றினேன். டைனமோ புல்லியின் அடி நீங்கள் சொன்ன மாதிரியே மின்னுகிறது. பக்கச் சுவர் நேராக இல்லை, உள்வாங்கிக் குழிந்திருக்கிறது. ஒரு இடத்தில் துரு அரித்துச் சொரசொரவென்று இருக்கிறது. இன்று லோடு எடுக்கவில்லை, மச்சான் வண்டியில் அனுப்பிவிட்டேன்.

உச்சிப்புளி லேத் | ஜூன் 17, இரவு 10.30

லேத் வைத்திருக்கிறவன் சொல்கிறேன், அந்தப் புல்லியைக் கடையாதீர்கள். எனக்கு வருமானம்தான், இருந்தாலும்.

வி பெல்ட்டின் கோணம் 40 பாகை. புல்லிப் பள்ளத்தின் கோணம் அதைவிடக் கொஞ்சம் குறைவு, விட்டத்தைப் பொறுத்து 34லிருந்து 38 பாகை வரை வைப்பார்கள். பெல்ட் வளையும்போது அதன் அடிப்பக்கம் அகலமாகும், அதற்கு ஈடுகட்டத்தான் இந்த வித்தியாசம். குழிந்த சுவரை நேராக்க இரண்டு பக்கமும் சீவினால் பள்ளம் அகலமாகிறது. அகலமான பள்ளத்தில் அதே பெல்ட் இன்னும் கீழே போய் உட்காரும். சரி, அடியையும் ஆழமாக்கலாம் என்றால் பெல்ட் ஓடுகிற விட்டம் குறையும், டைனமோ வேகம் கூடும். எஞ்சின் சுற்றுகிற கிராங்க் புல்லி பெரியது, டைனமோ புல்லி சிறியது. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் டைனமோ இரண்டு சுற்றுக்கு மேலேயே சுற்றும். அதை இன்னும் கூட்டினால் பேரிங்குக்கு நல்லதல்ல.

தகட்டில் அழுத்திச் செய்த புல்லி என்றால் சீவுவதற்குச் சதையே கிடையாது. வார்ப்பிரும்புப் புல்லியில், துருப் பொருக்கை மட்டும் எடுக்க ஒரு பூச்சுச் சீவலாம். அதுவும் கிராங்க் புல்லி மாதிரிப் பெரியதில்தான், டைனமோ புல்லியில் அல்ல.

கிராங்க் புல்லியையும் விட்டுவிடாதீர்கள். ஒரே பெல்ட்தானே இரண்டிலும் ஓடுகிறது, ஒன்று மட்டும் எப்படித் தேயும்? உங்கள் எஞ்சினில் நடுவில் ரப்பர் வளையம் வைத்த புல்லி இருந்தால் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் வரை சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் ரப்பர் விட்டுவிட்டது, வெளிவட்டம் தனியாக வழுக்குகிறது. அதைக் கடைந்து பிரயோஜனம் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

தொண்டி எலக்ட்ரிக் | ஜூன் 18, காலை 7.15

புல்லி விஷயம் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் மாற்றிவிட்டு டைனமோவைத் திறக்காமல் மாட்டினால் மறுபடி கழற்ற வேண்டி வரும். எப்படியும் கீழே இறக்கத்தானே போகிறீர்கள், ஒரே தடவையில் உள்ளேயும் பார்த்துவிடுங்கள். கடற்கரை வண்டியில் நான் பார்க்கிற வரிசை இது.

கழற்றும் முன் ஒயரைச் சோதிக்கணும். எஞ்சின் ஓட, லைட் எல்லாம் எரிய, டைனமோவின் பின்பக்கப் பிளஸ் போல்ட்டில் மீட்டரின் ஒரு முனை, பேட்டரி பிளஸ்ஸில் மறு முனை. 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் ஒயரோ அதன் முனையில் உள்ள லக்கோ வோல்ட்டைச் சாப்பிடுகிறது. அதே மாதிரி டைனமோ உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2க்குள் இருக்க வேண்டும். நம் பக்கம் பேட்டரி மைனஸை வண்டி உடம்போடு இணைக்கிற எர்த் பட்டை வெளியே பார்க்க நன்றாக இருக்கும், லக்குக்குள் செம்பு பச்சை பூத்துப் பொடியாகியிருக்கும். டைனமோவே வாங்கிப் போட்டும் சார்ஜ் ஏறவில்லை என்று வருகிற வண்டிகளில் இந்தக் கேஸ் நிறைய.

அடுத்து மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் பிடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஏசியை டிசி ஆக்குகிற டையோடு போயிருக்க வாய்ப்பு. டையோடு ஷார்ட் ஆனால் நிறுத்திவைத்த வண்டியிலும் இரவோடு இரவாக பேட்டரி இறங்கும்.

திறந்ததும் கார்பன் பிரஷ், உள்ளே சுற்றுகிற பாகத்துக்கு மின்சாரம் கொடுப்பது. 5 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நீளம் இருந்தும் கூட்டுக்குள் இறுகி நிற்கலாம். இரண்டு மாதம் நின்ற வண்டியில் உப்பும் கார்பன் தூளும் சேர்ந்து பிரஷ்ஷைப் பிடித்துக்கொள்ளும், ஸ்பிரிங் தள்ளினாலும் நகராது. பிரஷ் உரசுகிற ஸ்லிப் ரிங்கில் லேசான கறுப்பு என்றால் நைஸ் உப்புத்தாள் போதும். நகத்துக்குத் தட்டுப்படும் அளவு பள்ளம் விழுந்திருந்தால் ரிங்கை மாற்றணும்.

வேக்கம் பம்ப் பக்கத்து ஆயில் சீலைக் கட்டாயம் மாற்றுங்கள். அந்தச் சீல் விட்டால் எஞ்சின் ஆயில் டைனமோவுக்குள் கசிந்து பிரஷ்ஷை நனைத்துக் கார்பன் சேறாக்கும். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் பிரஷ் மட்டும் மாற்றி மூடுவது வீண்.

பரமக்குடி பைபாஸ் | ஜூன் 18, காலை 9.40

இவ்வளவு மீட்டர் எதற்கு? எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி பிளஸ்ஸைக் கழற்றுங்கள். வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நன்றாக இருக்கிறது. காலங்காலமாக இப்படித்தான் பார்க்கிறோம்.

தொண்டி எலக்ட்ரிக் | ஜூன் 18, காலை 10.05

அண்ணே, தயவுசெய்து வேண்டாம். ஓடும்போது பேட்டரியை எடுத்தால் வோல்டேஜ் ஒரே பாய்ச்சலாக ஏறும். அதைத் தாங்கிக்கொண்டிருந்தது பேட்டரிதான். டையோடும் ரெகுலேட்டரும் அந்த இடத்திலேயே போகும். போதாததற்கு இது மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் எஞ்சின். டைனமோ செத்திருந்தாலும் நிற்காமல் ஓடும், உங்கள் சோதனை எதையுமே சொல்லாது. பழைய காலத்துக் கட்அவுட் ரிலே வைத்த நிஜ டைனமோவில் செய்த பழக்கம் இது. இப்போது நாம் டைனமோ என்று சொல்வதெல்லாம் ஆல்டர்னேட்டர்.

ராமேஸ்வரம் குவாலிஸ் | ஜூன் 18, மாலை 4.20

நான் யாத்திரைக்காரர்களை தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்கு ஏற்றிப்போகிறவன். என் குவாலிஸிலும் வேக்கம் பம்ப் டைனமோ முதுகில்தான், அதனால் இந்த இழையை வரிவரியாகப் படிக்கிறேன். மெயின் ரோட்டு வண்டிக்கும் எங்கள் வண்டிக்கும் வித்தியாசம் இருக்கிறது. 2017ல் தார் ரோடு வந்த பிறகு மணலில் உருட்டுகிற பாடு இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் கடல், காற்றுக் காலத்தில் ரோட்டின் குறுக்கே மணல் ஓடும். அது கிரில் வழியாக நேராக பெல்ட்டில் விழும். உப்பு ஈரத்தோடு சேர்ந்த மணல் புல்லியைச் சாணை பிடித்துவிடும்.

எல்லாரும் சொல்வது, கடற்கரை போய்வந்தால் வண்டியைக் கழுவு என்று. எந்தத் தண்ணீரில் என்று யாரும் சொல்வதில்லை. நம் பக்கம் பல வாட்டர் சர்வீஸில் போர் தண்ணீர்தான், வாயில் வைத்தால் கரிக்கும். அதை பிரஷர் கன்னில் டைனமோ மேல் அடித்தால் கடலில் முக்கி எடுத்த மாதிரிதான். நான் வீட்டுக் குழாயில் காவிரித் தண்ணீர் வரும் அன்று ஒரு வாளி பிடித்து, துணியால் புல்லிகளையும் பிராக்கெட்டையும் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

பேரிங் வாங்கும்போது பழைய பேரிங்கில் இருக்கும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். 2ஆர்எஸ் என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. இஸட்இஸட் என்றால் தகட்டு மூடி, அதன் ஓரத்தில் மெல்லிய இடைவெளி உண்டு, உப்புக் காற்று உள்ளே போகும். எனக்கு ரப்பர் மூடிதான் ஒத்துவருகிறது. கூடவே சி3 என்று இருந்தால் உள் இடைவெளி சற்று அதிகம், சூட்டில் விரிவதற்கு இடம் விட்டது. பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் அதையே கேளுங்கள்.

பழைய இரும்புக் கடைப் புல்லி பற்றி ஒரு வார்த்தை. விட்டமும் ஓட்டையும் ஒத்துப்போகும், ஆனால் பள்ளம் இரண்டு மில்லிமீட்டர் முன்னேயோ பின்னேயோ இருக்கும். பெல்ட் கோணலாக ஓடி ஒரு பக்கமாகவே தேயும். வாங்கினால் பழைய புல்லியைக் கையோடு கொண்டுபோய் இரண்டையும் தட்டையான இடத்தில் கவிழ்த்துவைத்து உயரம் பாருங்கள்.

மண்டபம் பிக்கப் | ஜூன் 22, இரவு 8.45

வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே செய்தோம், தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் உடன் இருந்தார். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தோம்.

பாதி நாள் ஒரே ஒரு போல்ட்டுக்குப் போனது. டைனமோவைத் தாங்குகிற நீள போல்ட் இரும்பு, டைனமோவின் காது அலுமினியம். உப்புக்காற்றில் இரண்டும் ஒன்றையொன்று கவ்வி வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிட்டன. சுத்தியல் எடுத்தால் காது உடையும் என்று எலக்ட்ரீஷியன் விடவில்லை. துரு எண்ணெய் அடித்து, ஊறவிட்டு, கொஞ்சம் சூடு காட்டி, முன்னும் பின்னுமாகத் திருகி எடுத்தோம். மாட்டும்போது புது போல்ட் போட்டு, காப்பர் கிரீஸ் தடவினோம்.

உள்ளே பார்த்தால் தொண்டி அண்ணன் சொன்னது அப்படியே. ஒரு பிரஷ் நன்றாக இருக்கிறது, இன்னொன்று கூட்டில் ஒட்டி நிற்கிறது. வேக்கம் பம்ப் பக்கம் ஆயில் ஈரம். முன் பேரிங்கைக் கையால் சுற்றினால் கரகரவென்றது. டையோடு பிளேட் நல்லது, ஸ்டேட்டர், ரோட்டர் இரண்டும் நல்லது. ஆக முழு டைனமோ வாங்கச் சொன்ன கடைக்காரருக்கு என் நன்றி.

போட்டது: டைனமோ புல்லி புதுசு, இரண்டு பேரிங்கும் 2ஆர்எஸ், பிரஷ் செட், ஆயில் சீல், பம்பின் ஓ ரிங், பெல்ட், எர்த் பட்டை. எல்லாம் சேர்த்தும் புது டைனமோ விலையில் பாதியைத் தொடவில்லை. புல்லியைப் புல்லர் போட்டுத்தான் எடுத்தோம், விளிம்பில் நெம்பவில்லை. ஷாஃப்ட்டில் புல்லி வழுக்காமல் பிடிக்கிற அரைநிலா கீ துருவில் கொஞ்சம் தின்றுபோயிருந்தது, அதையும் மாற்றினோம்.

இப்போது ஐட்லிங்கில் 14.1 வோல்ட், லைட்டும் வைப்பரும் போட்டால் 13.7. பெடல் உடனே இறங்குகிறது. கிராங்க் புல்லியில் கோடு போட்டிருக்கிறேன்.

கீழை டீசல் | ஜூன் 22, இரவு 9.30

நல்லது. பம்புக்குள் ஆயில் விட்டுத்தானே ஸ்டார்ட் செய்தாய்? வாசிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். கழற்றி மாட்டிய வேக்கம் பம்ப் உள்ளே காய்ந்திருக்கும். ஆயில் பைப்பை மாட்டும் முன் அந்தத் துளையில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றி, புல்லியைக் கையால் சில சுற்றுச் சுற்ற வேண்டும். பைப்பின் செம்பு வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். தடித்த ஹோஸ் மடங்கியிருந்தால் ஆயில் எஞ்சினின் அடியில் உள்ள சம்புக்குத் (தொட்டிக்குத்) திரும்பாமல் பம்புக்குள் தேங்கி, நீ போட்ட புதுச் சீலையே தள்ளிவிடும்.

புது பெல்ட் முதலில் கொஞ்சம் இளகும். ஒரு மதுரை போய்வந்ததும் எஞ்சின் ஆறியபிறகு விரலால் அழுத்திப் பார்த்து மறுபடி டைட் செய்.

மண்டபம் பிக்கப் | ஜூன் 22, இரவு 9.50

ஊற்றித்தான் செய்தோம் காக்கா. வாஷரும் புதுசு. ஹோஸ் மடங்கவில்லை, ஆனால் வெடிப்பு தெரிகிறது, அடுத்த வாரம் மாற்றுகிறேன்.

சாயல்குடி ஹேட்ச்பேக் | ஜூன் 23, காலை 11.20

எனக்கும் ஒரு சந்தேகம். என்னுடையது 11 வயதான பெட்ரோல் கார். வி பெல்ட் இல்லை, பட்டையாக உள்பக்கம் கோடு கோடாக இருக்கும் பெல்ட். காலையில் கிச்கிச் என்று விட்டுவிட்டுச் சத்தம். பெல்ட்டில் வெடிப்பே இல்லை, ஆனாலும் மாற்றணுமா?

தொண்டி எலக்ட்ரிக் | ஜூன் 23, மதியம் 2.00

வெடிப்பு இல்லை என்பதை நம்பாதீர்கள் தம்பி. இப்போது வருகிற பட்டை பெல்ட்டுகள் இபிடிஎம் ரப்பர், பழைய ரப்பர் மாதிரி வெடிக்காது. சத்தமில்லாமல் கோடுகளுக்கு நடுவே தேய்ந்துகொண்டே போகும், பள்ளம் அகலமாகிப் பெல்ட் புல்லிக்குள் இறங்கிவிடும். அளந்து பார்க்கப் பிளாஸ்டிக் கேஜ் உண்டு. பெரிய ஸ்பேர் கடையில் கேட்டுப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. சத்தம் வரும்போது ஸ்பிரே பாட்டிலில் நல்ல தண்ணீர் எடுத்து, கை தள்ளியே வைத்து, பெல்ட்டின் கோடு போட்ட பக்கம் லேசாகத் தெளியுங்கள். சத்தம் கூடினால் டென்ஷன் குறைவு, டென்ஷனரைப் பாருங்கள். சத்தம் நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை.

சாயல்குடி ஹேட்ச்பேக் | ஜூன் 24, காலை 7.35

தெளித்தேன் அண்ணே. உடனே நின்றது, கொஞ்ச நேரத்தில் திரும்ப ஆரம்பித்தது.

உச்சிப்புளி லேத் | ஜூன் 24, காலை 8.10

அப்படியென்றால் பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுற்றுகிற ஐட்லர் புல்லியில் இருந்து ஆரம்பியுங்கள். பெல்ட்டைக் கழற்றி, ஐட்லரை விளிம்பில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆடினால் அதன் பேரிங் போய்விட்டது, புல்லி சாய்ந்து ஓடுகிறது. ஆடவில்லை என்றால் நேரான இரும்புப் பட்டை ஒன்றை கிராங்க் புல்லி முகத்தில் ஒட்டிவைத்து டைனமோ புல்லி வரை பாருங்கள். டைனமோ பிராக்கெட் போல்ட் லூஸாகி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும் உண்டு. ஐட்லர் என்றால் புல்லியும் பேரிங்கும் சேர்ந்தே வரும், தனிப் பேரிங் அழுத்திப் போட லேத்துக்குக் கொண்டுவராதீர்கள், பிளாஸ்டிக் புல்லி விரிசல் விடும்.